குடை பிடித்த கை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. கைப்பிடி கீறல் விட்டதால் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறேன். விரித்தால் ஒரு கம்பி மட்டும் எங்கோ பார்க்கும். தூக்கிப் போட மனம் வரவில்லை, என் சித்தப்பாவின் குடை அது. போன வாரம் எங்கள் சின்னவன் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் விளையாடப் போனான். விளையாட்டு எந்த இடத்தில் சண்டையானது என்று இன்னும் தெரியவில்லை. "உன் சோலி முடிஞ்சுதுல!" என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டுப் பையனின் நெற்றியில் அடித்துவிட்டான். எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. அந்தப் பையனின் அம்மா எங்கள் வாசலில் நின்று அழுதார். அன்றே போனில் இருந்த துப்பாக்கி விளையாட்டை அழித்தேன், சண்டைப் படம் இனி வேண்டாம் என்றேன். மகள் மட்டும் விடவில்லை. "படம் பாத்ததாலதான் அடிச்சானாப்பா? நானும்தான பாக்கேன்?"

அவளுக்கும் உங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரை படித்தவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பாதான் என்னைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்குக் கூட்டி வந்தார். அங்கே காசார்வாடியில் தகடு வெட்டும் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் "சோலி முடிஞ்சுது" என்பார். எங்கள் பக்கத்தில் வேலையைச் சோலி என்றுதான் சொல்வோம். கூட வேலை செய்த மராட்டிக்காரர்கள் கற்றுக்கொண்ட ஒரே தமிழும் அதுதான். "அண்ணா, சோலி முடிஞ்சுதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஞாயிறு காலையில் தமிழ்ப் படம் போடுகிற தியேட்டர் ஒன்று இருந்தது. எவ்வளவு ரத்தம் தெறிக்கிறதோ அவ்வளவு நல்ல படம் அவருக்கு. திரும்பி வரும்போது குடையைச் சுழற்றி, சாலையில் இல்லாத பத்துப் பேரை விழ வைப்பார். அதே மனிதர் கோழிக் கடைக்குள் வர மாட்டார். "நீ போய் வாங்குல, நான் இங்கன நிக்கேன்" என்று கடைக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

ஒரு ஞாயிறு, படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். எங்களை இடித்துக்கொண்டு முன்னால் போன ஒருவர், "ஏ லுங்கிவாலா, ஹட்", லுங்கிக்காரா விலகு என்று சித்தப்பாவின் தோளைத் தள்ளினார். சித்தப்பா "சோலி முடிஞ்சுது" என்றார். அடித்தார். குடையின் கைப்பிடி கீறியது அப்போதுதான். அந்த மனிதரின் புருவத்திலிருந்து ரத்தம் வந்ததும் சித்தப்பா குடையை என் கையில் திணித்தார். தன் துண்டால் அவர் தலையைக் கட்டி, அவரே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனார். தையல் போடும்போது அந்த மனிதர் வலியோடு கேட்டார்: "கோண்தா பிக்சர் பகூன் ஆலாஸ்?" எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாய் என்று. டாக்டர் சிரித்துவிட்டார். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படம்தான் காரணமா? முந்தின நாள் சாயங்காலம் பட்டறை முதலாளி சேட், மிஷினை விற்கப் போகிறேன், திங்கள் முதல் நீ கேட்டில் காவலுக்கு நில் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்தக் கோபம் உள்ளே இருந்திருக்கும். அதே படத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டே நானும் பார்த்தேன். யாரையும் அடிக்கத் தோன்றவில்லை. ஆனால் என்னை யாரும் தள்ளவும் இல்லையே. அன்று வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா சொன்னார்: "படம் என்னைய அடிக்கச் சொல்லல. ஆனா எப்படி அடிக்கணும்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு." அதற்குப் பிறகும் அவர் படத்துக்குப் போனார். குடையை மட்டும் எடுத்துப் போகவில்லை. ஆடி மழையிலும் நனைந்துகொண்டே போய் வந்தார்.

இதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு நேற்று சின்னவனைக் கூப்பிட்டேன். "சோலி முடிஞ்சுதுன்னு எந்தப் படத்துல கத்துக்கிட்ட?" என்று அதட்டினேன். அவன் விழித்தான்.

"படத்துல இல்லப்பா. நீங்கதான தெனமும் சொல்றீங்க, தண்ணி மோட்டார ஆஃப் பண்ணும்போது."

"குடையால அடிக்கது?"

"அது சின்னத் தாத்தா ஸ்டோரி. நீங்கதான நடிச்சுக் காட்டுனீங்க. அம்மாகூட சிரிச்சாங்களே!"

உண்மைதான். சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ முறை எழுந்து நின்று, கழுத்தைத் திருப்பி, கையை ஓங்கி அதை நடித்திருக்கிறேன். இங்கே "அடித்தார்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தியது அதனால்தான். அந்த ஒரு சொல்லும் வேண்டுமா என்று யோசித்தேன். அதை விட்டால் கதையே இல்லை.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அழித்த விளையாட்டைத் திரும்பப் போட்டுத் தருவதா என்றும் தெரியவில்லை. இன்று காலை நல்ல மழை. சின்னவன் பள்ளிக்குக் கிளம்பி, கதவருகே நின்று, "குடைய எடுத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டான். வேறு குடை இல்லை. ஆணியிலிருந்து எடுத்து நானே கொடுத்தேன். டேப் சுற்றிய இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சின்னக் கை. அதற்கு என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.