மடிக்கோலும் நீல வயரும்

தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம். மலையடிவாரத்தில் எங்கள் அலிபிரி வீட்டிலிருந்து அண்ணா போனான். எனக்கு அவன் விட்டுச் சென்ற சொத்து, மாடியில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அங்கிருந்தே இன்டர்நெட் வழியாக அதற்குள் நுழைந்து தன் குழந்தையின் படங்களைப் போட்டுவைப்பான். மலைமேல் பெருமாள் கோயிலில் பல வருஷம் கைங்கரியம் செய்து முழங்கால் தேய்ந்த அப்பாவால் மாடி ஏற முடியாது. அதனால் கீழே கூடத்தில் என் விண்டோஸ் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே, மாடிப்படியில் இறங்கி பூஜை அறை வாசலில் தொங்கிக்கொண்டு போகும் ஒரு நீல வயர். நேரில் பார்க்காத பேத்தியை அப்பா பார்ப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

அந்த வழி தினமும் அடைத்துக்கொண்டது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், லினக்ஸைக் காணோம் என்று விண்டோஸ் கைவிரிக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்தால், தன்மேல் தப்பே இல்லை என்று லினக்ஸ் சாதிக்கும். மாமியாருக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் நடுவில் நிற்கிறவன்போல ஏறி இறங்குவேன். இரண்டையும் பேசவைக்கும் சாம்பா மென்பொருளைத் திருத்துவேன், பாஸ்வேர்டை மாற்றுவேன், ஃபயர்வாலை அணைப்பேன், கடைசியில் மேசையை இழுத்து வயர்களை அழுத்தி மறுபடி ஆன் செய்வேன். வந்துவிடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

கம்ப்யூட்டர் கடைக்காரர், "வயர் சூசாரா சார்?" என்று தெலுங்கில் கேட்டபோது கோபம் வந்தது. வயரைப் பார்க்கத் தெரியாதவனா நான்? உண்மையில் அலுத்துப்போயிருந்தேன். வைத்தவன் அங்கே, மல்லுக்கட்டுகிறவன் இங்கே.

ஒரு லீவு நாள் காலையில்தான் பார்த்தேன். அப்பா குளித்து, மடிவேஷ்டி கட்டிக்கொண்டு பூஜைக்கு வந்தார். மடியாக இருக்கும்போது மற்ற எதையும் தொடமாட்டார். கொடியிலிருந்து மடித்துணி எடுக்கிற மூங்கில் கோலால் நீல வயரைத் தலைக்குமேல் தூக்கி, குனிந்து உள்ளே போனார். கம்ப்யூட்டருக்குப் பின்னால், கிளிப் உடைந்த ஜாக் பாதி வெளியே வந்தது.

"என்னப்பா பண்றேள்?"

"கண்டவா கைபட்ட வயர்டா. மடியோட எப்படித் தொடறது? தினம் இப்படித்தான்."

சிரிப்பு வரவில்லை. ஆணியடித்து வயரை நிலைக்கு மேலே ஏற்றினேன், ஜாக்கை மாற்றினேன். புதிதாக ஒரு வீடியோ வந்திருந்தது. குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தாள். பூஜையை ஆரம்பிக்காமல் வந்த அப்பா, மடி கெடாதபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னொரு தரம் போடு."

நாலாவது தரம் முடிந்ததும் கேட்டார்: "மடி மடின்னு இவளைத் தூக்கிக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் அவன் கூட்டிண்டு வரலையோ?"

"லீவு கிடைச்சிருக்காதுப்பா" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

அப்பா கிட்டே வந்து, திரையில் குழந்தையின் பாதத்தை விரலால் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு மறுபடி குளிக்கப் போனார். அன்று பெருமாளுக்குப் பூஜை முடிய மத்தியானம் ஆகிவிட்டது.