சண்டைப் பம்பரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்

எண்பதுகளின் நடுவில், மாதா புண்ணியத்தில் புரொண்பி என்ற டெனிஷ் ஊரில் எங்களுக்கு வீடு கிடைத்து இரண்டாவது குளிர்காலம். என்னிடம் மூன்று யப்பான் பம்பரங்கள் சேர்ந்திருந்தன. மேல்மாடியில் இருந்த டெனிஷ் அம்மாவின் புருசன் கப்பலில் வேலை செய்து, காலமாகிவிட்டவர். அவர் கொண்டுவந்தவற்றை அந்த அம்மா ஒவ்வொன்றாக எனக்குத் தந்து, பெயரையும் அதன் கருத்தையும் சொல்லுவார். 'உனாரி' என்றால் முனகுவது. சுற்றும்போது வண்டு மாதிரி இரையும். 'சகாதாச்சி' என்றால் தலைகீழாய் நிற்பது. சுற்றச் சுற்றப் புரண்டு காம்பில் நின்றுவிடும். பெயருக்கு ஏற்றபடி நடக்கிற சாமான்கள் எனக்குப் பெரிய அதிசயம்.

மூன்றாவது, இரும்பு வளையம் போட்ட 'கென்கா'. கருத்து, சண்டை. அதுதான் எல்லாவற்றிலும் வடிவு.

"சண்டையெண்டு பேர் வைச்ச சாமானை மாதாவுக்குப் பக்கத்திலை வைக்காதை, பிள்ளை," என்றார் என் அம்மா.

அந்த நாட்களில் அப்பாவும், எங்களோடு இருந்த சித்தப்பாவும் பேசுவதில்லை. சித்தப்பா ஊருக்கே திரும்பிப் போகப்போகிறேன் என்றதும், குண்டு விழுகிற இடத்துக்கு எதற்கு என்று அப்பா மறித்ததும் பெரியவர்களின் கதை. எனக்குத் தெரிந்தது, ஒரே மேசையில் இருந்துகொண்டு என் மூலம் அவர்கள் கதைத்தது மட்டும்தான்.

"தேத்தண்ணி வேணுமோ எண்டு உன்ரை சித்தப்பாவைக் கேள்."

"வேண்டாமெண்டு பெரியவருக்குச் சொல்லு, பிள்ளை."

கென்கா வந்த கிழமையில்தான் இது தொடங்கியது. பெயருக்கு ஏற்றபடி அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். மேலே ஏறிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று அந்த அம்மா கேட்டார். வீட்டில் சண்டை வந்துவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை, வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். படியிறங்கும்போது அழுகை வந்தது. மாதாவுக்காக என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று சாப்பாட்டில், அப்பா சித்தப்பாவின் சோற்றில் தன் கையால் கறி விட்டார்.

"குளிர்ச் சப்பாத்தை இஞ்சை விட்டிட்டுப் போ. அங்கை அது உதவாது."

"ஓம், அண்ணை."

நேருக்கு நேர் கதைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செபமாலை முடிந்ததும், எங்கள் வீட்டுச் சண்டையை நிறுத்தினதற்கு நன்றி மாதாவே என்று உரக்கச் சொன்னேன். ஆமென் சொல்ல வேண்டிய அப்பா, முழங்காலில் நின்றபடியே முகத்தைப் பொத்திக்கொண்டார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து, நான் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தேன்.