ராத்திரி மாத்திரை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மெடிக்கல் சென்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு காலை டியூட்டியைச் சொல்கிறேன்.

நான் உள்ளே நுழைந்தபோது பெட்டில் சாமுவேல் உட்கார்ந்திருந்தான். பிரஸ் ஷாப் ஆபரேட்டர், நைட் ஷிஃப்ட். ஓடுகிற மிஷின் முன்னால் தூங்கி விழுந்திருக்கிறான். பக்கத்து ஆள் இழுத்ததால் கை தப்பியது. சூப்பர்வைசர் கோவிந்தன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு போட்டுக்கினு மிஷின்ல நிக்கிறான் சிஸ்டர். ஊதச் சொன்னா ஊத மாட்றான்."

எங்கள் கம்பெனியில் ஊத மறுத்தாலே குடித்ததாகத்தான் கணக்கு. சாமுவேல் தலை நிமிராமல் சொன்னான்: "ஆமா சிஸ்டர், குடிச்சேன். அப்படியே எழுதிக்குங்க."

மண்ணூரில் அவன் குடும்பத்தை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில்கூட சோடாவோடு எழுந்து வருகிற பையன். வாயில் வாடை இல்லை. நாக்கு வறண்டு கிடந்தது. கோவிந்தனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "இன்னா மாத்திரைடா போட்ட?" என்றேன்.

கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்தான். அமிட்ரிப்டிலின். பல மாதமாகச் சிறுநீர்ப்பையில் வலி, அடிக்கடி போக வேண்டும். லைனில் மாற்று ஆளாக ரிலீவர் வந்து நின்றால்தான் நகர முடியும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறான். வெளியே பார்த்த டாக்டர் இதை எழுதியிருக்கிறார்.

"மெடிக்கல் ஷாப்ல இது மென்டல் மாத்திரைன்னு சொன்னாங்க சிஸ்டர். குடிகாரன்னா மெமோ குடுப்பாங்க. மென்டல்னா வூட்டுக்கே அனுப்பிடுவாங்க. இந்த வேலைய வுட்டா எனக்கு வேற இல்ல."

அட்டையை அவன் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"மனச்சோர்வுக்கு வந்த மாத்திரைதான்டா. நரம்பு வலியையும் அது அடக்கும். அதனால கம்மி டோஸ்ல இதுக்கும் குடுக்கறாங்க. எப்ப போட்ட?"

"ராத்திரிதான போடச் சொன்னாரு. சாப்ட்டு, மாத்திரைய போட்டுக்கினு கம்பெனி பஸ் ஏறினேன்."

டாக்டருக்கு ராத்திரி என்றால் தூங்கப் போகும் நேரம். சாமுவேலுக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம்.

அவன் சம்மதத்தோடு கம்பெனி டாக்டரிடம் சொன்னேன். அவர் எச்.ஆரிடம் பேசினார். மெமோ வரவில்லை. கொஞ்ச நாளைக்கு மிஷின் வேண்டாம், பகல் ஷிஃப்டில் பேக்கிங்கில் நிற்கட்டும் என்றார்கள். பிழைத்தான் என்று நினைத்தேன்.

எச்.ஆர். அறையில் பேசியது எப்படியோ லைனுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் சாமுவேல் வந்தான்.

"குடிகாரன்னு நெனச்சப்ப எல்லாரும் கூட உக்காந்து சாப்ட்டாங்க சிஸ்டர். இப்ப கேன்டீன்ல என் டேபிளுக்கு ஒருத்தனும் வர்ல."

அவன் வேலையைக் காப்பாற்றப் போய் அவனைத் தனியாக்கிவிட்டோமே என்று மனசு அறுத்தது. மறுநாள் என் தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வந்த கோவிந்தன் தயங்கி நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுக்கு நின்னு நின்னு போவுது சிஸ்டர். டாக்டர் ராத்திரில போடச் சொல்லி ஒரு மாத்திரை குடுத்தாரு. அது பிபி மாத்திரை வகையாம். எனக்கு பிபியே கெடையாது. பயந்துகினு போடாமயே வெச்சிருக்கேன்."

மருந்து எந்த நோய்க்குப் பிறந்தது என்பதை விட, சாப்பிடுகிறவரின் நாள் எப்படி ஓடுகிறது என்று கேட்பதுதான் நம் வேலை. அன்று நான் வாயைத் திறப்பதற்குள் சாமுவேல் கேட்டுவிட்டான்.

"நீங்க எப்ப தூங்குவீங்க சார்?"