க்ளைவுக்குக் கிடைக்காத ஒரு வார மருந்து

க்ளைவ் ஹாரப் ஒரே நாளில் நூற்றெண்பது ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பவன். முப்பத்தெட்டு வயதில் இடுப்பு விட்டுப்போனது. வலிக்குத் தந்த மாத்திரையே அவனைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீள டாக்டர் லாக்யர் வேறொரு மருந்து எழுதித் தந்தார். தினமும் என் மருந்துக்கடைக்கு வந்து, என் கண்முன்னே அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். பதினான்கு மாதம் அவன் ஒரு நாளும் தவறவில்லை.

“வாயத் தொற க்ளைவ்.”

“பல் டாக்டர்கூட இவ்வளவு உத்துப் பாத்ததில்ல நோரீன்!”

ஆகஸ்டில் ரோமம் கத்தரிக்கும் பழைய குழு அவனைத் திரும்பக் கூப்பிட்டது. கொட்டகை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். ஏழு நாள் மருந்தைக் கையில் கொடுத்தால்தான் போக முடியும். அப்படிக் கொடுக்கும் முன் டாக்டர் என்னைக் கேட்பது வழக்கம். இந்த முறையும் கேட்டார்.

“நம்பிக் குடுக்கலாமா?”

செவ்வாய்க்கிழமை மருந்தை வாயில் வைத்ததும் அவன் ஷாம்பு அலமாரிப் பக்கம் சட்டென்று திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். மருந்தைத் துப்பி விற்ற ஒருத்தியிடம் முன்பே ஏமாந்தவள் நான்.

“எனக்குச் சந்தேகமா இருக்கு. இப்ப வேணாம் டாக்டர்” என்றேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய புத்திசாலி என்று என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் வந்தான்.

“குடுக்க முடியாதுன்னுட்டாங்க. யாரோ என்னப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க.”

“யாரா இருக்கும்?” என்று கூசாமல் கேட்டேன்.

“தெரியல. செவ்வாய்க்கிழம எம் பொண்ணு டீகனோட வலைப்பந்து டீச்சர் உள்ள வந்தாங்கல்ல, அவங்க பாத்துடக் கூடாதுன்னு திரும்பிக்கிட்டேன். பாத்துட்டாங்களோ? அவளுக்கு அவமானமாயிடும் நோரீன்.”

மணி நாலரை. டாக்டரின் அறை தெருவுக்கு எதிரேதான். கடந்துபோய், “தப்பாச் சொல்லிட்டேன்” என்றால் போதும். போக வெட்கமாக இருந்தது. திங்கள்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“மருந்து இல்லாம போகாத க்ளைவ்.”

“இப்ப விட்டா இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்க. ஒரு வாரந்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன். நீயாவது என் பக்கம் இருக்கியே, அது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனான். திங்களன்று கடையில் கூட்டம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வியாழக்கிழமை காலை ஒருவழியாக டாக்டரை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

“க்ளைவ் செத்துட்டான் நோரீன். கொட்டகையில யாரோ குடுத்த போதை மருந்த நேத்து ராத்திரி ஊசியில ஏத்திக்கிட்டிருக்கான். ஒரு வருஷமா விட்டிருந்த உடம்பு, தாங்கல.” பிறகு கேட்டார்: “சரி, நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல டாக்டர்” என்றேன்.