க்ரோலசே மர்டீனா

ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, சாய்ந்து கிடக்கும் கல்லறைக் கல்லை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் மர்டீனா மக்ஸ்வீன். பத்தடி தள்ளி அவள் கணவன் லாக்லன், துணி அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்து நிற்கிறான். கண்ணாடியில் பட்ட வெயில் கல்லின் மேல் பக்கவாட்டாக வழுக்கி ஓடுகிறது. இருநூறு வருட மழை தேய்த்து மழுங்கடித்த கல்லில் ஓர் எழுத்தின் நிழல் மட்டும் மெல்ல எழுந்து நிற்கிறது.

"கொஞ்சம் இடது பக்கம்."

"உன் இடதா, என் இடதா?"

"கல்லுக்கு அடியில படுத்திருக்கறவரோட இடது," என்கிறாள் மர்டீனா. அவளும் படுத்துத்தான் இருக்கிறாள் என்பதை லாக்லன் நினைவூட்டுகிறான்.

க்ரோலசே தீவில் வெயில் அபூர்வம். ஆகவே வெயில் வந்தால் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அடுப்பில் மீன் கருகும், கொடியில் துணி பாதியில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவே தேவாலய சன்னலில் வெயில் விழுந்தபோது அவள் பட்ட தவிப்பை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. எழுந்து ஓடாமல் கடைசி ஜெபம்வரை உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் ஏதோ போருக்குப் போய் வந்ததைப் போலச் சொல்லிக்கொள்வாள்.

வயது அறுபத்தொன்று. படகுத்துறையில் வேலை. கப்பலுக்கு வரும் கார்களை வரிசையில் நிறுத்துவது, டிக்கெட் பார்ப்பது, கப்பல் வீசும் கயிற்றை வாங்கிக் கட்டுவது, புறப்படும்போது அவிழ்த்துவிடுவது. காலையில் பயணிகள் பட்டியல் வந்ததும் மற்றவர்கள் எத்தனை கார் என்று பார்ப்பார்கள். இவள் பெயர்களைப் பார்ப்பாள். கனடா, கரோலினா, நியூசிலாந்து என்று உலகத்தின் நாலா மூலையிலிருந்தும், தாங்கள் மக்ஸ்வீன் குலத்தின் வழிவந்தவர்கள் என்று நம்பிக்கொண்டு ஆட்கள் இறங்குவார்கள். அவர்கள் வாய் திறப்பதற்குள் பாதிப் பேரை இவள் கண்டுபிடித்துவிடுவாள். "நடைய பாரு. வடக்குக் கரையாளுங்க எல்லாம் சேத்துல நடக்கற மாதிரிதான் ரோட்டுலயும் நடப்பாங்க," என்பாள். அவளுக்கு மிகவும் நம்பிக்கை காதுகளின் மேல். மூக்கு கல்யாணத்தில் மாறிப்போகும், காது அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது என்பது அவள் கட்சி.

குலத்தலைவர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய ஆர்வமில்லை. அவர்களுக்குக் கோட்டை இருக்கிறது, தடித்த புத்தகங்கள் இருக்கின்றன, கண்ணாடிச் சட்டத்துக்குள் கட்டம்போட்ட துணி இருக்கிறது. அவள் தேடுவது மற்றவர்களை. துடுப்புப் போட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள், பிரசவத்தில் போன பெண்கள், பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளைகள். தேவாலயப் பதிவேடு இருநூறு வருடத்துக்கு மேல் பின்னால் போகாது. அதற்கு முந்தையது கல்லில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருடைய வாயிலாவது இருக்க வேண்டும். தீவில் ஒவ்வொரு வீட்டிலும் இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன் என்று ஏழெட்டுத் தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் உண்டு. மர்டீனா தன் வீட்டுப் பெயர்களைக் கற்றது அப்பாவோடு அடுப்பில் விறகுபோல எரிக்கும் சதுப்பு மண்கட்டி வெட்டப் போன நாட்களில். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பெயர்.

போன வருடம் டல்லாஸிலிருந்து வந்த ஒருவர், தன் முன்னோர் தலைவரின் தம்பிதான் என்று அச்சடித்த வரைபடத்தோடு வந்தார். மர்டீனா மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முன்னோர் தலைவரின் தம்பி அல்ல, தலைவரின் படகில் நான்காவது துடுப்புப் போட்டவர் என்று சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. "தலைவர் வீட்டு ஆளுங்க பேரு எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்குங்க," என்றாள் மர்டீனா. "உங்க ஆளு பேரு உலகத்துலயே ஒரே ஒரு தாள்லதான் இருக்கு. அத நீங்க இப்ப கையில வெச்சிருக்கீங்க." அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். போகும்போது அச்சடித்த வரைபடத்தை அவள் மேசையிலேயே விட்டுப் போனார்.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் அவள் சுவருக்கு ஒட்டும் காகித உருளைகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்கூடத்தில் விரிப்பாள். பதினான்கு உருளைகள் சுவருக்குச் சுவர் நீளும். ஜனங்கள் காலுறையோடு அதன் மேல் நடந்து தங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் போய் நிற்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், மீன்பண்ணையில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் அந்த ஒரு நாள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கைக்குழந்தையாகப் போனவர்களின் பெயர் வந்தால் மர்டீனா மிதிக்க மாட்டாள். சுற்றிப் போவாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஊரே அப்படித்தான் நடக்கிறது.

அந்தக் காகிதத்தில் அவளுடைய சொந்த வழியில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. 1849-ல் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆடு வளர்ப்பதற்காகத் தெற்குப் பள்ளத்தாக்கைக் காலி செய்தபோது பதினோரு குடும்பங்கள் கனடாவுக்குக் கப்பலேறின. நீல் என்பவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் அலஸ்டர் மலைக்கு அந்தப் பக்கம் போய் ஒண்டிக்கொண்டான், அவன் வழியில் வந்தவள் மர்டீனா. இளையவன் தோர்மொத், மனைவியோடும் ஆறு வயது மகள் மார்சலியோடும் கப்பலில் போனான். கப்பலில் காய்ச்சல் கண்டது. அக்கரையில் நோயாளிகளை இறக்கிவைத்த இடத்தின் மரணப் பட்டியலில் புருஷன் பெயரும் பெண்சாதி பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அதைக் கண்டுபிடிக்க மர்டீனாவுக்குப் பத்தொன்பது வருடம் ஆயிற்று. மார்சலியின் பெயர் செத்தவர் பட்டியலிலும் இல்லை, பிழைத்தவர் பட்டியலிலும் இல்லை. அவ்வளவு சின்னப் பிள்ளை, கடலிலேயே போயிருக்கும், எழுதி முடித்துவிடேன் என்று லாக்லன் பலமுறை சொல்லிப் பார்த்தான்.

"யாரும் எழுதாத சாவ நான் எழுத மாட்டேன்," என்றாள் அவள். மார்சலியின் பெயருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

போன செப்டம்பரில் ஒரு காலைக் கப்பலில் ஓவிலா பெல்சீல் என்றொருவர் வந்தார். கனடாவின் பிரெஞ்சுப் பக்கத்துக்காரர், எழுபத்தெட்டு வயது, ரயில் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலில் அந்தப் பெயர் மர்டீனாவுக்கு எதையும் சொல்லவில்லை. காதும் சொல்லவில்லை. எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவர் துறையில் தீவின் பெயர் எழுதிய பலகையின் கீழே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸை விட்டுவிட்டாரோ என்று மர்டீனா அருகே போனாள். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். அவர் வீட்டில் குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடும்போது சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. யாருக்கும் அர்த்தம் தெரியாது. கடைசிச் சொல் மட்டும் 'க்ரோ லசே' என்று முடியும். பிரெஞ்சில் அது தடித்த லேஸ் என்பதுபோலக் கேட்கும், அதனால்தான் அது லேஸ் பாட்டு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் வாங்கிய புகைமீன் பொட்டலத்தில் அதே சொல்லை ஒரு தீவின் பெயராகப் பார்த்தார். மனைவி இருந்தவரை பயணம் வாய்க்கவில்லை. இப்போது வந்துவிட்டார்.

கப்பலை அனுப்பிவிட்டு மர்டீனா அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சமையலறையில் லாக்லன் தேநீர் ஊற்றினான். பாட்டைச் சொல்லும்படி கேட்டபோது ஓவிலாவுக்கு வாயில் வரவில்லை. "கை செய்யாட்டி வார்த்த வராது," என்று சங்கடப்பட்டார். குனிந்து வலது கால் ஷூவின் லேஸை அவிழ்த்தார். குறுக்கே போட்டு, கீழே நுழைத்து, வளையம் பிடித்து, இழுத்து முடிந்தார்.

"மாசலி நீனோரமி... கிநேல் கியான்... கிரூரி கிவ்வொரகி... க்ரோலசே."

மர்டீனாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. லாக்லன் ரேடியோவை நிறுத்தினான்.

அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. வருகிறவர்களிடம் அவளாக எந்தப் பெயரையும் முதலில் எடுத்துக்கொடுக்க மாட்டாள். எடுத்துக்கொடுத்தால் அவர்களுக்கு எல்லாமே ஞாபகம் வந்துவிடும் என்பாள். அன்று அந்தக் கண்டிப்பைக் காக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை, மெதுவாக என்றாள். அவர் லேஸை அவிழ்த்துக் கட்டினார். மூன்றாவது தடவையும் கேட்டாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தாள். அம்மா. அம்மாவுக்கு அவர் அம்மா. அவருக்கும் அவர் அம்மா. அப்படியே மேலே போனால் ஓவிலாவின் பாட்டிக்குப் பாட்டி, மார்செல். ஏதோ கப்பலிலிருந்து தனியாக இறக்கப்பட்ட சிறுமி. ஆற்றங்கரையில் படகு கட்டும் தச்சன் வீட்டில் வளர்ந்தவள். அவள் கல்யாணத்தின்போது பாதிரியார் எழுதிவைத்தது இவ்வளவுதான்: மார்செல், பெற்றோர் தெரியவில்லை.

மர்டீனா எழுந்து நின்றாள். மண்கட்டி வெட்டும்போது அப்பா சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில், தன் மொழியில் சொன்னாள்:

"மார்சலி, நியன் ஹொரமித், இக் நேல், இக் இயான், இக் ரூரி, இக் வொரகி, க்ரோலசே."

ஓவிலாவின் விரல்கள் லேஸின் மேல் அப்படியே நின்றுவிட்டன. தன் வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் அதைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"இது பாட்டு இல்லீங்க," என்றாள் மர்டீனா. "மார்சலி. தோர்மொத்தோட மக. அவரு நீல் மகன். அவரு இயான் மகன். அவரு ரூரி மகன். அவரு முர்கத் மகன். ஊரு க்ரோலசே. 'இன்னாரோட'ன்னு சேத்துச் சொல்றப்ப எங்க மொழியில தோர்மொத் ஹொரமித் ஆயிடும், முர்கத் வொரகி ஆயிடும். அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊருன்னு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல. அதுக்காக அவ அப்பா சொல்லிக்குடுத்தது."

"ஆனா யாரும் கேக்கல," என்றார் ஓவிலா.

"நான் கேட்டேன். ரொம்ப லேட்டாயிடுச்சு."

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் லாக்லன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "காய்ச்சல்ல கெடந்துக்கிட்டே சொல்லிக்குடுத்திருப்பான்," என்று முனகினான்.

பெயர் வரிசையின் கடைசியில் நிற்கும் முர்கத்தைப் பெண்பெயராக்கித்தான் மர்டீனாவுக்கு வைத்தார்கள். இதை அவள் அப்போது சொல்லவில்லை. ஓவிலாவை மாடியறையில் படுக்கச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவும்போது கணவனிடம் சொன்னாள். கடலுக்கு அப்பால், அர்த்தமே தெரியாமல், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் காலில் தன் பெயரை முடிந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு தட்டையே இரண்டு முறை கழுவினாள்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் காகிதத்தை விரித்தார்கள். ஓவிலா காலுறையோடு முர்கத்திடமிருந்து நடக்க ஆரம்பித்தார். ரூரி, இயான், நீல், தோர்மொத் என்று ஒவ்வொருவரிடமும் நின்று, மரியாதைக்குத் தலையை அசைத்துவிட்டு நகர்ந்தார். மார்சலியிடம் வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க லாக்லன் கைகொடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை அகல இடம் எந்த மூலைக்கும் போதவில்லை. மார்சலிக்கு ஒன்பது பிள்ளைகள். அவர்கள் வழியில் ஓவிலாவுக்கு நினைவிருந்தவர்களே நூற்றுப் பன்னிரண்டு பேர். லாக்லன் வீட்டுக்கு ஓடிப்போய் குளியலறைக்கு வாங்கி மிஞ்சியிருந்த, மீன் படம் போட்ட உருளையைக் கொண்டுவந்து ஒட்டினான். ஓவிலா சொல்லச் சொல்ல மர்டீனா எழுதினாள். பிரெஞ்சுப் பெயர்களை அவள் தப்புத் தப்பாக எழுத, அவர் திருத்தினார். செய்தி பரவி ஊர் ஜனம் ஒவ்வொருவராக வந்து சுவரோரமாக நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. கிழவர்கள் சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் தெற்குப் பள்ளத்தாக்கில் தோர்மொத்தின் வீடு இருந்த இடத்தைக் காட்டினார்கள். முழங்கால் உயரத்துக்கு நாலு பக்கம் கல். வாசல் இருந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஓவிலா பிடிவாதம் பிடித்தார். சுவரைத் தாண்டிக் குதித்த லாக்லனையும் திரும்பப் போய் வாசல் வழியாக வரச் சொன்னார்.

அன்று மாலைக் கப்பலில் கிளம்பினார். பழைய படகுத்துறைதான். பதினோரு குடும்பங்கள் ஏறியதும் அங்கேதான். ஓவிலா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தூரத்திலிருந்து பார்க்கும்போது மர்டீனாவுக்கு அந்தக் காது இப்போது நன்றாகவே அடையாளம் தெரிந்தது, அவள் அப்பாவின் காது. கார்கள் ஏறி முடிந்தன. சரிவுப் பலகை மேலே போயிற்று. கயிற்றை விடச் சொல்லி மேலிருந்து கை காட்டினார்கள்.

கப்பல் ஒருமுறை கூவியது. கொஞ்சம் பொறுத்து மறுமுறையும் கூவியது. மர்டீனா குனிந்து, இரும்புத் தூணில் மாட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவிழ்க்காமல் நின்றாள்.