பாத்துக்கலாங்க

பச்சிளம் குழந்தைகள் பிரிவைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்றும் வேலைக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். தருமபுரியில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஒன்பது குழந்தைகள். அதில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு வென்டிலேட்டர்தான் மூச்சு. அந்த மூச்சு அறாமல் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மற்றதெல்லாம் சாமான் தூக்கும் வேலை.

கூட்டத்தில் ஒவ்வொரு துறையையும் கேட்டேன், தயாரா என்று. மின்சாரம், ஆக்சிஜன், லிஃப்ட், துப்புரவு, எல்லாரும் ஒரே பதில்: "பாத்துக்கலாங்க மேடம்." சென்னைக்காரியான நான் பட்டியல் முழுக்கப் பச்சை அடித்தேன். என் திறமையில் எனக்கே மயக்கம்.

பாப்பாரப்பட்டியிலிருந்து வரும் தலைமை நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மேடம், பாத்துக்கலாம்னா இன்னும் ஆவலைன்னு அர்த்தங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க முடியாதுன்றது?"

மறுநாள் கேள்வியை மாற்றினேன். தயாரா என்று கேட்கவில்லை, எது இடிக்கிறது என்று கேட்டேன். லிஃப்ட்காரர் தலையைச் சொறிந்தார். "கரண்டு போனா லிஃப்ட் நின்னுடுங்க. ஜெனரேட்டர் கனெக்சன் இன்னும் குடுக்கலைங்க."

குழந்தையோடு நடுவில் நின்றிருந்தால்? இணைப்பு வரும்வரை காத்திருக்கவும் முடியாது, பழைய கட்டடத்து ஆக்சிஜன் குழாய் அதுவரை தாங்காது. லிஃப்ட் வேண்டாம், சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவானது. இரண்டு மாடி ஏற்றம்.

மாற்றும் நாளன்று காலை எட்டுக் குழந்தைகள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வந்தாள். மூச்சுப் பையைக் கையால் அமுக்கியபடி தலைமை நர்ஸ் பக்கவாட்டில் நடந்தார். டாக்டர் குழாயைப் பிடித்திருந்தார். அப்போதுதான் தரையைக் கவனித்தேன். சக்கரம் குலுங்கும் ஒவ்வொரு இடத்திலும் துப்புரவுப் பெண்கள் பெட்ஷீட்டை மடித்துப் போட்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு மின்சாரப் பிரிவு ஆட்கள் வண்டிக்குக் கைகொடுக்க நின்றார்கள். லிஃப்ட்காரர் முன்னால் போய் வழியை விலக்கினார். கூட்டங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத துறைகள் இவை. யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை, நான் சொல்லவேயில்லை. நர்ஸ் மெல்ல எண்ணும் சத்தத்தைத் தவிர அந்தச் சாய்தளத்தில் வேறு சத்தமில்லை.

மேலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். தலைவிக்கு வேறு வேலை மிச்சமில்லை.

பின்னாலேயே ஏறி வந்த தாய், ஆள் யாரென்று பார்க்காமல் என் கையைப் பிடித்தாள். "எம் பொண்ணு மூச்சு உடுதுங்களா?"

அந்தக் கையை விடாமல் உள்ளே அழைத்துப்போனேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த நெஞ்சு ஏறி இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.