என்ர இஞ்சின்

எங்கள் பின்வளவு வேலிப் படலையைக் கட்டிவைத்திருக்கும் நீலத் துணி, ஒருகாலத்தில் மாமா சட்டைக்கு மேல் கட்டிய கழுத்துப்பட்டி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. படகு இஞ்சின் செய்யும் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்குத் திருகோணமலையில் பிரதிநிதியாக இருந்தவர். சட்டையே பாரமாகிப்போகும் துறைமுக வெயிலில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டியை மட்டும் கழற்றாமல் வள்ளத்தில் ஏறுவார். காற்றுக்கு அது முகத்தில் அடிக்கும். தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் கதையைத் தொடருவார். சல்லிக் கிராமத்துக் கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அதையெல்லாம் கணக்கெடுப்பதில்லை.

விற்ற ஒவ்வொரு இஞ்சினோடும் முதல் ஓட்டத்துக்குத் தானும் கடலுக்குப் போவது அவர் வழக்கம். கரை கண்ணுக்குச் சிறுத்ததும் இஞ்சினை நிறுத்தச் சொல்லுவார். வள்ளம் அலையில் ஆட ஆட, கயிற்றைத் தன் கையாலேயே இழுத்து மறுபடி ஓடவைப்பார். "பழுதானா பாட்ஸுக்கு யோசிக்காதேங்கோ, இது என்ர இஞ்சின்" என்பார். கொம்பனியின் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சனம் வாங்கியது அந்தச் சொல்லைத்தான். மாமா பிழைவிட்டதும் அங்கேதான்.

ஒருநாள் கொம்பனிக்கு எங்கள் கடல் சின்னதாய்ப் போய்விட்டது. இந்தச் சந்தையில் இனி ஆதாயமில்லை என்று சொல்ல, மாமாவின் சேவைக்குப் பரிசென்று கண்ணாடிக் கேடயம் ஒன்றோடு கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஓடுகிற இஞ்சின்களுக்காவது உதிரிப்பாகம் அனுப்புங்கள் என்று மாமா மன்றாடினார். அந்த மனிதர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, நீங்கள் வெறும் பிரதிநிதிதானே, இதை ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்றார்.

கையிருந்த பாகங்கள் தீர்ந்தன. சல்லியில் ஒருவருக்கு நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனது. மகனோடு விடியும்வரை நீரோட்டத்தில் இழுபட்டு, வேறொரு வள்ளம் கண்டதால் உயிரோடு திரும்பினார். அந்த இஞ்சினை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து எங்கள் வளவில் இறக்கினார். சத்தம் போடவில்லை.

"உங்கட இஞ்சின்தானே ஐயா. நீங்களே வைச்சிருங்கோ."

மாமா "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். பின்வளவு நிறைந்தது. கொளுக்கி இல்லாத படலையை மாமா தன் கழுத்துப்பட்டியை அவிழ்த்து அதாலேயே கட்டினார். பிறகு சாகும்வரை கடற்கரைப் பக்கம் போகவேயில்லை. மீன் வாங்கவும் அம்மாதான் போனார். செத்தவீட்டுக்குச் சல்லியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களை நான் நோகவில்லை. கொம்பனியிடமிருந்து ஒரு வார்த்தை அனுதாபம்கூட வரவில்லையே, அதைத்தான் என்னால் மன்னிக்க ஏலாது.

போன கிழமை வேறொரு வெளிநாட்டுக் கொம்பனியின் இளம் அதிகாரி என் வலைக்கடைக்கு வந்தார். கடற்தொழில் சனம் எல்லாம் என்னிடம் வருவதால், தங்கள் இஞ்சினுக்கு நான் பிரதிநிதியாக இருந்தால் நல்லதாம்.

"நீங்கள் போனாப்பிறகு பாட்ஸ் ஆர் தாறது?" என்று கேட்டேன்.

"நாங்கள் ஏன் அக்கா போறம்?" என்று சிரித்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து, உள்ளே போய்ப் பாருங்கள் என்று பின்வளவுப் படலையைக் காட்டினேன். உப்புக்காற்றில் முடிச்சு இறுகிக் கிடந்தது. இது நல்ல சந்தை, எங்கள் கொம்பனியை நம்பலாம் என்று சொல்லிக்கொண்டே குனிந்து அதை அவிழ்க்கத் தொடங்கினார். காற்று அடித்தது. முகத்தில் வந்து விழுந்த தன் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.